கசியும் முற்றக் குழாயும் பின்னோட்டத் தடையும்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே வரும், மூடினால் நின்றுவிடும். பெரும்பாலோர் குழாயைப் பற்றி அறிந்தது இவ்வளவே. வெளியே வரவேண்டிய தண்ணீர் சில வேளைகளில் உள்ளே திரும்பிச் செல்லவும் கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வாறு திரும்பும் நீர் வாளியிலும் தொட்டியிலும் உள்ள அழுக்கைத் தன்னுடன் இழுத்துச் சென்று, தெரு முழுவதற்கும் பொதுவான குடிநீர்க் குழாயில் சேர்த்துவிடும். நீர் இவ்வாறு எதிர்த்திசையில் ஓடுவதற்குப் பின்னோட்டம் என்று பெயர். அதனைத் தடுப்பதற்காகக் குழாயின் வாயில் பொருத்தப்படும் சிறு சாதனமே பின்னோட்டத் தடை.

இச்சாதனம் பொருத்தப்பட்ட முற்றக் குழாய்களில் நாளடைவில் கசிவு தோன்றுவதுண்டு. கசிவைக் கண்டதும் சாதனத்தையே கழற்றி எறிந்துவிடுவது எளிய வழியாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் கசிவு நிற்கும்; ஆனால் காவலும் நீங்கிவிடும். கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து, சாதனத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதனைச் செப்பனிடும் முறை கீழே விளக்கப்படுகிறது.

தங்கவயலின் தண்ணீர்

தண்ணீரின் அருமையையும் அதன் தூய்மையைக் காக்கவேண்டிய தேவையையும் உணர்த்துவதற்குக் கோலார் தங்கவயல் தக்க எடுத்துக்காட்டாகும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில், மழை குறைந்த மேட்டு நிலத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்க வேலையில் இறங்கினர். அதன்பின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருந்திரளாக வந்து குடியேறின. சாம்பியன் ரீப், நந்திதுர்க்கம், ஊரிகம், மாரிகுப்பம் முதலிய இடங்களில் வரிசை வரிசையாக 'லைன்' வீடுகள் எழுந்தன. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது.

மின்சாரத்தைப் போலவே தண்ணீரும் வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று. பாலாற்றின் நீரைத் தேக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தங்கவயலுக்கு நீர் வழங்கப்பட்டது. இதே பாலாறுதான் கீழே இறங்கித் தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தொழில் நின்றது, மக்களோ, அவர்களுடைய வீடுகளோ, தண்ணீரின் தேவையோ நீங்கிவிடவில்லை.

இத்தகைய ஊரில் குழாய்க் கசிவு இருவகையில் தீமை பயப்பதாகும். முதலாவது, நீர் வீணாதல். கசியும் குழாயின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பார்த்தால் உண்மை விளங்கும். மணிக்கு 1 லிட்டர் சேருமாயின், நாளொன்றுக்கு 24 லிட்டர். ஆண்டொன்றுக்கு 8,760 லிட்டர். இரண்டாவது தீமை இதனினும் பெரிது. நீர் வெளியே கசியக்கூடிய வழி, குழாயில் அமுக்கம் குறையும்போது, அழுக்கு உள்ளே புகக்கூடிய வழியும் ஆகிறது.

பின்னோட்டம் நிகழும் விதம்

குழாயில் அமுக்கம் இருக்கும்வரை நீர் வெளிநோக்கியே ஓடும். அமுக்கம் நீங்கினால் நிலைமை மாறுகிறது. தெருவின் பெருங்குழாய் உடைந்தாலும், தீயணைப்புக்காக ஒரே இடத்தில் மிகுதியான நீர் இழுக்கப்பட்டாலும், முறை வைத்து வழங்கும் நீர் நிறுத்தப்பட்டாலும் குழாயில் உள்ள நீர் தாழ்ந்த பகுதியை நோக்கி இறங்கும். அப்போது மேட்டுப் பகுதிக் குழாய்களில் வெற்றிடம் ஏற்பட முயலும். வீட்டுக் குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சும் பழக்கமும் இதே விளைவைத் தருகிறது. உறிஞ்சும் வீட்டுக்கு நீர் கிடைக்கலாம். அண்டை வீட்டின் தொட்டியில் மூழ்கியிருக்கும் குழாய் வழியே அத்தொட்டியின் நீரும் சேர்ந்தே வரலாம்.

இந்த உறிஞ்சுதலுக்கு எவ்வளவு வலிமை உண்டு? 1643-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி காற்று மண்டலத்தின் அமுக்கத்தைப் பாதரசக் கம்பத்தால் அளந்து காட்டினார். கடல் மட்டத்தில் அவ்வமுக்கம் ஏறக்குறைய 10.3 மீட்டர் உயரமுள்ள நீர்க் கம்பத்தைத் தாங்கவல்லது. உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறையும். ஆகவே தங்கவயலின் உயரத்தில் இந்த அளவு 9.3 மீட்டர் அளவில் இருக்கும். உறிஞ்சு பம்பினால் இதற்குமேல் நீரை ஏற்ற இயலாது. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப் போன்ற சுரங்கத்தில் நீரைக் கீழிருந்து தள்ளித்தான் மேலேற்ற முடியும். மேலிருந்து உறிஞ்சி ஏற்ற முடியாது என்பதும் இவ்விதியின் பயனே.

சுரங்கத்துக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த 9 மீட்டர், வீட்டு முற்றத்துக்கு மிகப் பெரிது. முற்றத் தொட்டியின் விளிம்பு முக்கால் மீட்டர் உயரம் இருக்கலாம்; அதிலுள்ள நீரை விளிம்புக்கு மேலே தூக்கிக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ள மிகச் சிறிய வெற்றிடமே போதும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயின் ஒரு முனை குடிநீர்க் குழாயிலும், மறுமுனை சாணிப்பால் வாளியிலோ பூச்சி மருந்துக் கலத்திலோ துணி ஊறும் தொட்டியிலோ மூழ்கியும் இருக்குமாயின், பின்னோட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன எனலாம்.

தங்கவயல் மாணவருக்கு இதனை மேலும் தெளிவாக விளக்க ஓர் உள்ளூர்ச் சான்று உண்டு. அரைத்த தாதுப் பொடியிலிருந்து தங்கத்தைச் சயனைடு கரைசலால் கரைத்தெடுக்கும் முறை 1887-இல் ஸ்காட்லாந்தில் மக்கார்தர், பாரெஸ்ட் என்போரால் கண்டறியப்பட்டது. தங்கவயலிலும் அம்முறையே கையாளப்பட்டது. ஆலைகள் வெளியேற்றிய கழிவு மண் இன்றும் அவ்வூரில் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு கொடிய நஞ்சு. அத்தகைய கரைசல் நிறைந்த கலத்துக்கு நீர் ஊற்றும் குழாயின் முனை கரைசலுக்குள் மூழ்கியிருந்தால் என்ன நேரும் என்று கேட்டால், சிறுவனும் விடை கூறுவான். வீட்டு வாளியில் உள்ளது சயனைடு அன்று. எனினும் நீரின் போக்குக்கான விதி அங்கும் இங்கும் ஒன்றே.

இரு படிப்பினைகள்

1933-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அப்போது அந்நகரின் இரு ஓட்டல்களில் தங்கியவர்களிடையே அமீபா சீதபேதி பரவிற்று. நோயுற்றோர் 1,409 பேர். இறந்தோர் 98 பேர். பழுதடைந்த குழாயமைப்பும், குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே அமைந்திருந்த தகாத இணைப்புகளும் இதற்குக் காரணம் என ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. நகரின் நீர் நிலையத்திலிருந்து வந்த நீரில் குற்றமில்லை. கட்டடத்துக்குள் வந்தபின் அது கெட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி டில்லியில் நேர்ந்தது. 1955-இல் யமுனை வெள்ளத்துக்குப் பின் ஆற்றின் போக்கு மாறியது. நஜப்கர் ஓடையின் சாக்கடை நீர், கீழ்நோக்கிச் செல்லவேண்டியது, மேல்நோக்கித் தேங்கி வஜீராபாதில் நகருக்கு நீர் இறைக்கும் இடத்தை எட்டிவிட்டது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறக்குறைய 29,300 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். அந்நோய் இன்று ஹெப்படைட்டிஸ் ஈ எனப்படும் வகையைச் சேர்ந்தது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இப்பின்னோட்டம் நிகழ்ந்தது குழாயிலன்று, ஆற்றில். எனினும், நீர் எப்போதும் தான் செல்லவேண்டிய திசையிலேயே செல்லும் என்று நம்பியிருத்தல் ஆகாது என்னும் பாடத்தை இரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

சாதனத்தின் அமைப்பு

முற்றக் குழாயின் வாயில் பொருத்தும் பின்னோட்டத் தடை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பித்தளைச் சாதனம், பிளாஸ்டிக்கிலும் செய்யப்படுவதுண்டு. அதன் மேல்முனை குழாயில் முறுக்கப்படும். கீழ்முனையில் ரப்பர்க் குழாய் இணைக்கப்படும். உள்ளே சுருள்வில் தாங்கிய ஒரு சிறு தட்டும், ரப்பர்ச் சவ்வும் உள்ளன. பக்கங்களில் காற்றுத் துளைகள் உள்ளன.

குழாயைத் திறந்ததும் நீரின் அமுக்கம் சவ்வைத் தள்ளிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறது. தட்டும் விலகி நீருக்கு வழிவிடுகிறது. குழாயை மூடியதும், அல்லது தெருக்குழாயில் அமுக்கம் நீங்கியதும், சுருள்வில் தட்டைப் பின்னுக்குத் தள்ளி நீர்வழியை அடைக்கிறது. சவ்வு துளைகளை விட்டு விலகுகிறது. வெளிக்காற்று துளைகள் வழியே உட்புகுந்து வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. வெற்றிடம் இல்லையேல் உறிஞ்சுதலும் இல்லை. ரப்பர்க் குழாயில் தங்கிய நீர் வாளிக்கு வெளியே நிற்குமேயன்றிக் குடிநீர்க் குழாய்க்குள் ஏறாது.

இதிலிருந்து களப் பணியாளர் மனத்திற் கொள்ளவேண்டிய முக்கியச் செய்தி ஒன்று கிடைக்கிறது. குழாயை மூடியவுடன் காற்றுத் துளைகளிலிருந்து சிறிது நீர் சிந்துவது பழுதன்று. சாதனம் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அச்சிறு சிந்தலைக் கசிவு என்று கருதித் துளைகளை மெழுகாலோ நாடாவாலோ அடைப்பது, சாதனத்தைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

கசிவின் இடத்தைக் கண்டறிதல்

பழுது பார்க்கத் தொடங்குமுன் குழாயைத் துணியால் நன்கு துடைத்து உலர்த்தவேண்டும். பின்னர்க் குழாயை மூடிய நிலையில் ஒருமுறையும், திறந்த நிலையில் ஒருமுறையும் உற்று நோக்க, நீர் கீழ்க்காணும் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வருவது புலப்படும்.

முதலாவது, குழாயை இறுக மூடியபின்னும் வாயிலிருந்து இடைவிடாது சொட்டுதல். இது சாதனத்தின் குற்றமன்று. குழாயின் உள்ளே உள்ள வாஷர் தேய்ந்ததன் விளைவு.

இரண்டாவது, திறந்திருக்கும்போது கைப்பிடியின் கீழ், தண்டைச் சுற்றி நீர் ஊறுதல். தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு நூல் தளர்ந்ததே இதற்குக் காரணம்.

மூன்றாவது, குழாயின் வாய்க்கும் சாதனத்துக்கும் இடையேயுள்ள மரையிலிருந்து பீறிடுதல். அங்குள்ள தட்டை வாஷர் காய்ந்தோ விலகியோ இருக்கும். அல்லது மரைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவையாக இருக்கும்.

நான்காவது, குழாய் திறந்திருக்கும்போது காற்றுத் துளைகளிலிருந்து தொடர்ந்து நீர் வழிதல். சவ்வு கிழிந்திருக்கலாம், மணலோ சுண்ணாம்புப் படிவோ சவ்வின் கீழ் சிக்கியிருக்கலாம். முறை நீர் வரத் தொடங்கும் வேளையில் அமுக்கம் மிகக் குறைவாக இருப்பின், சவ்வு முழுதும் பதியாமல் சிறிது நேரம் வழிவதும் உண்டு. அமுக்கம் ஏறியபின் அது தானே நிற்குமாயின் பழுது பார்க்க வேண்டுவதில்லை.

பழுது பார்க்கும் முறை

வேண்டிய பொருள்கள்: அரை அங்குலக் குழாய்க்கு ஏற்ற ஸ்பானர், ஸ்குரூ திருகி, புது வாஷர்கள், பருத்தி நூல், சிறிது எண்ணெய்ப் பசை, பழைய பல் துலக்கி, புளிக்கரைசல் அல்லது வினிகர்.

1. குழாய்க்கு நீர் வரும் வழியிலுள்ள அடைப்பு வால்வை மூடுக. அத்தகைய வால்வு இல்லாவிடில், நீர் வழங்காத வேளையைத் தேர்ந்துகொள்க. ரப்பர்க் குழாயைக் கழற்றி, முற்றக் குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடியவிடுக. ரப்பர்க் குழாயின் மறுமுனை எந்தக் கலத்திலும் மூழ்கியிராதபடி முதலில் எடுத்துவிடுதல் மறக்கத் தகாதது. பழுது பார்க்கும் வேளையே குழாயில் அமுக்கம் அற்ற வேளை.

2. பின்னோட்டத் தடையைக் கையால் இடப்புறமாகத் திருகிக் கழற்றுக. சில சாதனங்களில், எவரும் எளிதில் கழற்றாதபடி பக்கத்தில் ஒரு சிறு திருகாணி பதிக்கப்பட்டு அதன் தலை முறிக்கப்பட்டிருக்கும். அதனை மெல்லத் துளையிட்டு எடுத்தபின்னரே சாதனத்தைத் திருகவேண்டும். வலிந்து முறுக்கினால் குழாயின் மரையே சிதைந்துவிடும்.

3. வாயிலிருந்து சொட்டும் குழாயாயின், மேல்மூடியை ஸ்பானரால் கழற்றித் தண்டை வெளியே எடுக்க. அடியிலுள்ள பழைய வாஷரை நீக்கி, அதே அளவுள்ள புதியதைப் பொருத்துக. வாஷர் அமரும் பித்தளை இருக்கையை விரலால் தடவிப் பார்க்க. அது கீறலோ பள்ளமோ உடையதாயின் புது வாஷரும் விரைவில் தேயும். அப்போது இருக்கையைத் தேய்த்துச் சமப்படுத்துதல் அல்லது குழாயையே மாற்றுதல் வேண்டும்.

4. தண்டைச் சுற்றிக் கசியுமாயின், தண்டின் மேலுள்ள சிறு நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்க. கசிவு நில்லாவிடில் நட்டைக் கழற்றி, பழைய நூலை நீக்கி, எண்ணெய்ப் பசை தடவிய பருத்தி நூலை நட்டு இறுகும் திசையிலேயே சில சுற்றுகள் சுற்றி மீண்டும் இறுக்குக. கைப்பிடி சிரமமின்றித் திரும்புமளவே இறுக்கம் போதும்.

5. சாதனத்தைப் புளிக்கரைசலில் அல்லது வினிகரில் ஊறவைத்துப் பல் துலக்கியால் தேய்த்தால் காற்றுத் துளைகளிலும் தட்டிலும் படிந்த சுண்ணாம்பு கரையும். ஊசி, ஆணி முதலிய கூரிய பொருள்களால் துளையைக் குத்துதல் கூடாது. உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிடும். பின்னர் நல்ல நீரில் நன்கு அலசுக.

6. சவ்வு வெடித்திருந்தாலும், சுருள்வில் துருப்பிடித்திருந்தாலும், சாதனத்தைப் புதிதாக மாற்றுவதே தக்கது. கம்பியால் கட்டியும் பசையால் ஒட்டியும் சரிப்படுத்திய பின்னோட்டத் தடை, இல்லாத தடையைக் காட்டிலும் அபாயமானது. ஏனெனில் காவல் இருக்கிறது என்ற பொய் நம்பிக்கையை அது அளிக்கிறது.

7. சாதனத்தைத் திரும்பப் பொருத்துமுன் அதன் உள்ளே புதுத் தட்டை வாஷரை இடுக. இவ்விணைப்பில் நீரைத் தடுப்பது வாஷரேயன்றி மரையன்று. ஆகவே சணலோ டெப்லான் நாடாவோ மிகுதியாகச் சுற்றுவதால் பயனில்லை. வெளிநாட்டுச் சாதனங்களின் மரை இந்நாட்டுக் குழாயின் மரையோடு பொருந்தாதிருக்கலாம். இரண்டு மூன்று சுற்றுகள் கையால் எளிதில் ஏறாவிடில், ஏற்ற இணைப்புத் துண்டு தேடுதல் வேண்டும்.

சோதித்தறிதல்

பொருத்துவதற்கு முன்னரே ஒரு சோதனை செய்யலாம். சாதனத்தைத் தலைகீழாக, ரப்பர்க் குழாய் இணையும் முனை மேலே இருக்கும்படி பிடித்து, அம்முனையில் நீரை ஊற்றுக. நீர் காற்றுத் துளைகள் வழியே வழிந்துவிட வேண்டும். குழாயோடு இணையும் முனையிலிருந்து ஒரு சொட்டும் வருதல் கூடாது. வருமாயின் தட்டு சரியாக அமரவில்லை என்று அறிக.

பொருத்தியபின் வால்வை மெதுவாகத் திறந்து, சிறிது நேரம் நீரை ஓடவிடுக. முழு வேகத்தில் ஓடும்போது காற்றுத் துளைகள் உலர்ந்திருக்க வேண்டும். ரப்பர்க் குழாய் இணைந்த நிலையில் முற்றக் குழாயை மூடியதும் துளைகளிலிருந்து சிறிது நீர் சிந்தி நிற்கவேண்டும். சிறிதும் சிந்தாவிடில் மகிழ்வதற்கில்லை. துளைகள் அடைபட்டுள்ளனவா என்று மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இச்சாதனத்துக்குச் சில எல்லைகளும் உண்டு. இடைவிடாத அமுக்கத்தில் இருப்பதற்காக இது செய்யப்பட்டதன்று; ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் அமுக்கத்தில் வைத்திருத்தல் ஆகாது. சாதனத்துக்கு அப்பால், ரப்பர்க் குழாயின் நுனியில், மூடுகுழாய் பொருத்தி அதனை மட்டும் மூடிவைப்பதும் தவறு. மேலும், மோட்டார் பம்பு எதிர்ப்புறமிருந்து நீரைத் தள்ளுமாயின், அதனைத் தாங்கும் ஆற்றல் இச்சிறு சாதனத்துக்கு இல்லை. அத்தகைய இடங்களுக்கு வேறு வகை வால்வுகள் உள்ளன.

சாதனம் இல்லாத இடத்தில்

எல்லா முற்றங்களிலும் இச்சாதனத்தைக் காண இயலாது. அது இல்லாத இடத்தில் காசு செலவின்றி அமையும் காவல் ஒன்று உண்டு. அதுவே காற்று இடைவெளி. குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே, குழாயின் விட்டத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் இருக்கவேண்டும். 15 மில்லிமீட்டர்க் குழாய்க்கு 30 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரற்கடை அளவு, போதும். காற்றைத் தாண்டி நீரை உறிஞ்ச எந்த வெற்றிடத்தாலும் இயலாது. இதில் தேயும் வாஷரும் இல்லை. துருப்பிடிக்கும் வில்லும் இல்லை. ரப்பர்க் குழாயால் பீப்பாயை நிரப்பும் வீட்டில், அதன் நுனியைப் பீப்பாயின் விளிம்புக்கு மேலே ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிடுவதும் இதே பயனை அளிக்கும்.

வகுப்பறைப் பரிசோதனை

ஆசிரியர் இவ்வுண்மைகளைப் பின்வரும் எளிய பரிசோதனையால் காட்டலாம். அடியில் துளையிட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் புட்டியை அலமாரியின் மேல் வைத்து நீர் நிரப்புக. இது ஊர்த் தொட்டி. அத்துளையிலிருந்து மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைக் கீழிறக்கி, மூன்று வாய் கொண்ட இணைப்பில் சேர்க்க. இணைப்பு மேசையின் மட்டத்துக்குக் கீழே தொங்கவேண்டும். அதன் ஒரு கிளை மேலேறி, மேசைமேல் உள்ள ஒரு பாத்திரத்தின் விளிம்பைக் கடந்து அதனுள் மூழ்கட்டும். இது மேட்டு வீட்டின் தொட்டி. அப்பாத்திரத்தில் சிவப்பு மை கலந்த நீர் பாதியளவு இருக்கட்டும். மற்றொரு கிளை தரையிலுள்ள வெறும் கண்ணாடிக் குவளையில் முடியட்டும். இது பள்ளத்து வீட்டின் குழாய். புட்டியிலிருந்து வரும் குழாயிலும், குவளைக்குச் செல்லும் கிளையிலும் ஒவ்வொரு கவ்வி இடுக.

முதலில் குவளையின் கவ்வியை மூடிப் புட்டியின் கவ்வியைத் திறக்க. நல்ல நீர் பாத்திரத்தில் பாயும். இப்போது புட்டியின் கவ்வியை மூடிக் குவளையின் கவ்வியைத் திறக்க. முதலில் தெளிந்த நீர் வரும். சற்றுப் பொறுத்துச் சிவப்பு நீர் குவளையில் இறங்கும். மேட்டு வீட்டின் அழுக்கு பள்ளத்து வீட்டின் குடிநீரானதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

மீண்டும் தூய நீர் நிரப்பி, இம்முறை பாத்திரத்தில் உள்ள குழாய் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டிப் பரிசோதனையைத் திரும்பச் செய்க. குழாயில் தங்கிய தெளிந்த நீர் மட்டுமே வரும். சிவப்பு நீர் வாராது. இது காற்று இடைவெளியின் காவல்.

மூன்றாம் முறை நுனியை மூழ்கவிட்டு, பாத்திரத்தின் விளிம்பின் மேலே குழாய் வளையும் இடத்தில் ஊசியால் சற்றுப் பெரிய துளை ஒன்று இடுக. நல்ல நீர் பாயும்போது அத்துளையிலிருந்து நீர் பீறிடும். ஒரு மாணவன் தன் கட்டைவிரலால் அதனை மூடிக்கொள்ளட்டும். புட்டியின் கவ்வியை மூடி, குவளையின் கவ்வியைத் திறக்கும்போது விரலை எடுத்துவிடட்டும். காற்று உட்புகும், சிவப்பு நீர் இறங்காது நிற்கும். அம்மாணவனின் கட்டைவிரல் செய்த வேலையையே பின்னோட்டத் தடையில் ரப்பர்ச் சவ்வு செய்கிறது. விரல் சற்று விலகியபோது கையை நனைத்த நீர்தான் முற்றக் குழாயில் கசிவாகத் தோன்றுகிறது. விரல் பழுதென்றால் விரலைச் சரியாக வைக்கவேண்டுமேயன்றித் துளையை அடைத்துவிடலாகாது என்பதையும் மாணவர் எளிதில் உணர்வர்.

பணியாளர் கவனத்துக்கு

குழாய் செப்பனிடும் வேலை முடிந்தபின் முதலில் வரும் நீரைக் குடிக்க விடாமல் சில நிமிடம் ஓடவிட்டு, அதனைச் செடிகளுக்குப் பயன்படுத்தச் செய்தல் நலம். பின்னர் நீரில் எஞ்சிய குளோரினைச் சோதித்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி நுகர்வோர் குழாயில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைதல் கூடாது. ஒரு தெருவில் பல வீடுகளில் குளோரின் இருந்து, ஒரு பகுதியில் மட்டும் இல்லாதிருப்பின், அப்பகுதியில் குழாய் உடைப்போ பின்னோட்டமோ உண்டா என்று ஆராயவேண்டும்.

பேத்தமங்கலத்து ஏரி நீரைப் போல், தொலைவிலிருந்து பெரும் முயற்சியால் கொண்டுவந்து, வடிகட்டி, குளோரின் இட்டு வழங்கப்படும் நீரின் தூய்மை, இறுதியில் ஒரு முற்றக் குழாயின் நுனியில் இருக்கும் காலணா அளவு ரப்பர்ச் சவ்வைச் சார்ந்து நிற்கிறது. ஒரு வீட்டார் கசிவு தாளாமல் அதனைக் கழற்றினால், தீங்கு அவ்வீட்டாரை மட்டுமன்றித் தெருவிலுள்ள எல்லோரையும் சேரும். ஆகவே கசியும் குழாயைக் காணும் பணியாளர், கசிவை நிறுத்தியதோடு தம் கடமை முடிந்தது என எண்ணாமல், மூடிய குழாயின் காற்றுத் துளைகளிலிருந்து அந்தச் சில துளிகள் சிந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே அவ்விடத்தை விட்டு நீங்குதல் வேண்டும்.